கொண்டைக்கடலையும் ஒரு சின்ன சிலிண்டரும்

ஜூலை மாதம் மும்பையில் மழை பிடித்துக்கொண்டால் முதலில் காணாமல் போவது கீரை. அடுத்தது கொத்தமல்லி. அதன் பிறகு தக்காளி கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது. மாதுங்கா ரயில் நிலையத்துப் பக்கம் போனால் எந்தக் காலத்திலும் முருங்கைக்காயும் சேனையும் சின்ன வெங்காயமும் கிடைக்கும் என்பது இந்த ஊர்த் தமிழர்களுக்கு ஒரு தைரியம். ஆனால் கிங்ஸ் சர்க்கிளில் தேங்கும் முழங்கால் தண்ணீரைத் தாண்டிப் போய் முருங்கைக்காய் வாங்கும் வயதை நான் தாண்டிவிட்டேன். செம்பூரிலிருந்து கிளம்பவே மாட்டேன்.

அப்படிப்பட்ட நாட்களில் சமையலறையின் மேல் தட்டிலிருந்து டப்பாக்களை இறக்குவேன். பாசிப்பயறு, முழு மசூர், காராமணி, மராத்திக்காரர்கள் மட்கி என்று சொல்லும் நரிப்பயறு. ஒவ்வொன்றிலும் அடியில் ஒரு கைப்பிடி இருக்கும். எல்லாவற்றையும் சேர்த்துக் காலையில் ஊறப்போட்டு, மாலையில் வேகவைத்து, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டால் ஒரு பாத்திரம் நிறைய சூப். மழையைப் பார்த்துக்கொண்டே குடிக்கலாம். இதைவிடச் சுலபமான, மலிவான, சத்தான சமையல் உலகத்தில் இல்லை என்று ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். பார்ப்பவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

இந்தப் பக்கத்தில் சமையல் குறிப்பு எழுதும் வழக்கம் எனக்கு இல்லை. இந்த வாரம் எழுதப் போகிறேன். அதற்கு முன்னால் நான் செய்த ஒரு அசட்டுத்தனத்தைச் சொல்லிவிட வேண்டும்.

2020 மார்ச் மாதம். 22-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஜனதா ஊரடங்கு என்று அறிவித்திருந்தார்கள். அதற்கு முதல் நாள், எங்கள் வீட்டு வேலைக்கு வரும் பெண்ணைக் கூப்பிட்டு, அந்த மாதச் சம்பளத்தை முன்கூட்டியே கொடுத்தேன். அவள் தாராவியில் இருக்கிறாள். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். பத்துக்குப் பத்து அறை, அதற்கு மேல் ஒரு பரண், அதில் ஐந்து பேர். ஏதாவது கூடக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. மேல் தட்டிலிருந்து 2 கிலோ வெள்ளைக் கொண்டைக்கடலை, 1 கிலோ ராஜ்மா, அரைக் கிலோ கொள்ளு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன். "ஊறவச்சு சூப் பண்ணு. பசங்களுக்கு நல்லது" என்று உபதேசமும் செய்தேன். தலையாட்டிவிட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

25-ஆம் தேதியிலிருந்து ஊரே அடைந்து போயிற்று. ஏப்ரல் 1-ஆம் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளி. அந்தப் பெயர் தினமும் டெலிவிஷனில் வந்தது. பயந்துகொண்டே அவளுக்கு போன் செய்தேன். எல்லோரும் சுகம் என்றாள். புருஷனுக்கு வேலை இல்லை. நான் பேச்சோடு பேச்சாக, கொஞ்சம் பெருமையாகவே, "பயறெல்லாம் சமைச்சியா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, "கோவிச்சுக்காதீங்கக்கா. அத அப்படியே கட்டிப் பரண்ல வச்சிருக்கேன்" என்றாள்.

"ஏன்?"

"அது வேகதுக்குள்ள என் சிலிண்டர் தீந்துரும்லாக்கா. கேஸ யாரு குடுப்பா?"

அவளிடம் இருப்பது 5 கிலோ சின்ன சிலிண்டர். அதை நிரப்பித் தரும் கடை அடைத்துக் கிடந்தது. குக்கர் இருக்கிறது, ஆனால் அதன் ரப்பர் வளையம் பிய்ந்து போய் ஆவி நிற்பதில்லை. பாத்திரக் கடையும் இல்லை, வளையமும் இல்லை. தண்ணீர் காலையில் இரண்டு, மூன்று மணி நேரம் வரும். ஐந்து பேருக்குக் குடிக்க, குளிக்க, துவைக்க அதைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். பயறை ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி புதுத் தண்ணீர் விடுவது அந்த வீட்டில் நடக்கிற காரியம் இல்லை.

"பின்னே என்னதான் சமைக்கிறே?"

"பாசிப்பருப்புதான்க்கா. சீக்கிரம் வெந்துரும். தண்ணியா வச்சு ஆளுக்கு ஒரு டம்ளர். சோத்துலயும் அதையே ஊத்திக்கிடுவோம்."

"எவ்வளவு பருப்பு போடுவே?"

"ஒரு கைப்பிடி."

போனை வைத்துவிட்டு வெகு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரு கைப்பிடி என்றால் அதிகம் போனால் 50 கிராம். பாசிப்பருப்பு 100 கிராமில் ஏறக்குறைய 23 கிராம் புரதம். அப்படியானால் 50 கிராமில் பதினொன்று, பன்னிரண்டு கிராம். ஐந்து டம்ளரில் பங்கு போட்டால் ஆளுக்கு இரண்டு கிராமும் சொச்சமும். ஒரு கோழி முட்டையில் இருப்பது 6 கிராம். என் உபதேசத்தில் இந்தக் கணக்கு எங்கேயும் வரவில்லை.

நாம் பயறு வாங்கும்போது கடைக்காரரிடம் கொடுப்பது பாதி விலைதான். மீதியை அடுப்பும் தண்ணீரும் நேரமும் வாங்கிக்கொள்கின்றன. உடைத்த பாசிப்பருப்பும், ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் மைசூர் பருப்பும் குக்கர் இல்லாமலேயே இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் குழைந்துவிடும். முழு மசூர், ஊறவைக்காவிட்டாலும் அரை மணி, முக்கால் மணியில் வழிக்கு வரும். கொண்டைக்கடலையை இரவெல்லாம் ஊறவைத்தால்கூடத் திறந்த பாத்திரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கேட்கும். கொள்ளும் அப்படித்தான். ஊறவைக்காமல் போட்டால் அன்றைக்கு முழுதும் அதற்குக் காவல் இருக்க வேண்டும்.

இதில் மும்பைக்கென்று ஒரு தனித் தொல்லையும் உண்டு. பயறு பழசானால் வேகாது என்பது பாட்டிகளுக்குத் தெரிந்த விஷயம். வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் வைத்திருந்தால் இன்னும் சீக்கிரம் கல்லாகிவிடும் என்பதை உணவு விஞ்ஞானிகள் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். பயறின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்ற பசை கரைந்தால்தான் அது மெத்தென்று ஆகும். ஈரக்காற்றில் பல மாதம் இருந்த பயறில் அந்தப் பசை இறுகிப் போகிறது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை இந்த ஊர்க் காற்று எப்படி இருக்கும் என்று இங்கே துணி காயப்போட்டவர்களுக்குத் தெரியும். ஆகவே போன வருடத்துக் கொண்டைக்கடலையை மழைக்காலத்தில் தானம் செய்வது, வாங்குகிறவருக்கு விறகுச் செலவு வைப்பது.

தண்ணீரிலும் பேதம் இருக்கிறது. மும்பை மாநகராட்சிக் குழாயில் வருவது பாத்ஸா, தான்ஸா, வைதர்ணா ஏரிகளின் தண்ணீர். உப்புச்சுவை இல்லாத மெல்லிய நீர், பருப்பு நன்றாக வேகும். குழாய் வராத நாளில் டேங்கரில் வாங்குவது பல சமயம் கிணற்று நீர். அதில் உள்ள சுண்ணாம்புச் சத்து அந்தப் பசையைக் கரையவிடாமல் பிடித்துக்கொள்ளும். அவசரத்துக்கு ஒரு சிட்டிகை ஆப்பச்சோடா போடுகிறவர்கள் உண்டு. பயறு வெந்துவிடும், கூடவே அதிலுள்ள தயாமின் என்ற பி வைட்டமினும் போய்விடும். குழாய்த் தண்ணீர் இல்லாதவர், காசு கொடுத்துக் கடின நீர் வாங்கி, அதில் கூடுதல் கேஸ் எரித்து, சத்துக் குறைந்த சூப் குடிக்கிறார். ஏழைகள் சிக்கனமாக இருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு. அவர்களுக்கு இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

விறகையும் சேர்த்துக் கணக்குப் பார்த்த ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கவுண்ட் ரம்ஃபோர்டு என்று பட்டம் பெற்ற பெஞ்சமின் தாம்ப்சன். அமெரிக்காவில் பிறந்து, ஜெர்மனியின் பவேரியாவில் உத்தியோகம் பார்த்த விஞ்ஞானி. உஷ்ணம் எப்படி உண்டாகிறது என்ற ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர். 1790-களில் ம்யூனிக் நகரத்து ஏழைகளுக்காக இவர் ஒரு சூப் தயாரித்தார். பார்லியும் காய்ந்த பட்டாணியும்தான் அதற்கு அடிப்படை. அந்த சூப்பின் செலவைக் கணக்கிட்டபோது பட்டாணியின் விலையோடு விறகின் விலையையும் எழுதினார். குறைந்த விறகில் அதிகம் சமைக்கும் அடுப்புகளையும் கட்டினார். அவரிடம் ஒரு பிழையும் இருந்தது. நீண்ட நேரம் மெதுவாகக் காய்ச்சினால் தண்ணீரும் சத்தாக மாறுகிறது என்று நம்பினார். சூப் கெட்டியானதைப் பார்த்து வந்த மயக்கம். தண்ணீர் தண்ணீர்தான். பாத்திரத்தில் போட்ட பருப்புக்கு மேல் ஒரு கிராம்கூட அதில் வராது.

என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். எங்கள் மாடியில் எதிர் வீட்டில் இருப்பவர் மால்வண் பக்கத்து மராத்திப் பெண்மணி. நான் அவரை வஹினி என்பேன், அவர் என்னைத் தாயி என்பார். ஊரடங்கு நாட்களில் இருவரும் அவரவர் வாசலில் நாற்காலி போட்டு, நடுவில் ஆறடி விட்டு, மாலையில் பேசிக்கொண்டிருப்போம். கொண்டைக்கடலை விஷயத்தைச் சொன்னேன். வஹினி சிரிக்கவில்லை. "மாவாக அரைக்கச் சொல்லுங்கள், தாயி" என்றார். அவ்வளவுதான்.

கொங்கணத்தில் கொள்ளுக்குக் குளித் என்று பெயர். அங்கே அதை அப்படியே வேகவைப்பதும் உண்டு, ஆனால் பல வீடுகளில் வறுத்து அரைத்து மாவாக வைத்திருப்பார்கள். மும்பைக்கு வேலைக்கு வந்த கொங்கணிகளின் டிரங்குப் பெட்டியில் ஊரிலிருந்து வந்த ஒரு பொட்டலம் குளித் மாவு இருக்கும். இரண்டு பூண்டு, ஒரு மிளகாய் தாளித்து, தண்ணீர் விட்டு, கொக்கம் இரண்டு போட்டு, கொதிக்கும்போது கரைத்த மாவை ஊற்றினால் பத்து நிமிடத்துக்குள் பிட்லா தயார். தண்ணீரைக் கூட்டினால் அதுவே சூப். மில்லில் வேலை முடிந்து நள்ளிரவில் அறைக்கு வருகிறவன் ஊறவைப்பதும் விசில் எண்ணுவதும் நடக்காது. அரைபடும் நேரத்திலேயே பாதி வேலையை முடித்துவிடும் யோசனை அது.

நம் ஊரில் மட்டும் இல்லையா என்ன! கொங்கு நாட்டில் கொள்ளு ரசம், திருநெல்வேலியில் அதே கொள்ளுக்குக் காணம் என்று பெயர் வைத்துக் காணத் துவையல். பருப்புப் பொடி இல்லாத தமிழ் வீடு எது? எனக்குத்தான் அந்த நேரத்தில் தோன்றவில்லை. பொடியைச் சோற்றில் பிசைய மட்டும் பழகிய கை.

மறுநாளே போன் செய்தேன். தாராவியில் அவள் சந்தில், சக்கி என்று இங்கே சொல்லும் மாவு மெஷின் காலையில் சில மணி நேரம் திறந்திருந்தது. கொண்டைக்கடலையையும் கொள்ளையும் வெயிலில் காயவைத்து, கொள்ளை மட்டும் வாணலியில் லேசாக வறுத்து, தனித்தனியாக அரைத்துக்கொள்ளச் சொன்னேன். "ராஜ்மாவை மட்டும் அரைக்காதே" என்று இரண்டு தடவை சொன்னேன். சிவப்பு ராஜ்மாவில் வயிற்றைப் புரட்டும் ஒரு விஷப் பொருள் உண்டு. ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம் தளதளவென்று கொதித்தால்தான் அது அழியும். அரை வேக்காடு போதாது. வெந்நீரில் மூடிவைத்து மெல்ல வேகவைப்பது ஆபத்து. அந்த ராஜ்மா குக்கருக்கு வளையம் கிடைத்த பிறகுதான் பரணிலிருந்து இறங்கியது.

இரண்டரைக் கிலோ மாவு அவர்களுக்கு ஒரு மாதத்துக்கு மேல் வந்தது. இதில் என் பங்கு ஒன்றும் இல்லை. யோசனை வஹினியுடையது, உழைப்பு அவளுடையது. பயறு மட்டும் என்னுடையது, அதுவும் எனக்கு வேண்டாததாக மேல் தட்டில் கிடந்தது.

அந்த வருடம் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டியிருந்தது நான் மட்டும் இல்லை. பிரதம மந்திரியின் கரீப் கல்யாண் திட்டத்தில் 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரை உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் ரேஷன் அட்டை ஒவ்வொன்றுக்கும் மாதம் 1 கிலோ பருப்பு. ஜூலையிலிருந்து நவம்பர் வரை அது முழுக் கொண்டைக்கடலையாக மாறியது. ஆளுக்கு 5 கிலோ தானியத்தோடு இதுவும் இலவசம். நல்ல காரியம், பல கோடிக் குடும்பங்களுக்கு அது சோற்றோடு சேர்ந்த புரதம். அரிசியிலும் கோதுமையிலும் லைசின் என்ற சத்து குறைவு, பயறில் அது அதிகம். இரண்டும் ஒரே தட்டில் சேர்ந்தால்தான் உடம்புக்கு முழுப் பயன். ஆனால் குக்கரும் கேஸும் உள்ள சமையலறைக்கும் இல்லாத சமையலறைக்கும் ஒரு கிலோ முழுக்கடலை ஒரே எடை இல்லை. கிராமத்தில் சுள்ளி பொறுக்க வழி உண்டு. தாராவியில் எங்கே போவது?

நிலைமை சீரான பிறகு ஒரு நாள் அவளோடு தாராவிக்குப் போனேன். 90 அடி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவரின் பலசரக்குக் கடை. வாசலில் சரம் சரமாகத் தொங்கிய பொட்டலங்களில் பருப்பு 50 கிராம், 100 கிராம் என்று கட்டி வைத்திருந்தார். கிலோக் கணக்கில் வாங்குகிறவர்கள் குறைவாம்.

"எது அதிகம் போகும், அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"சம்பளம் வாங்குன வாரம் துவரம் பருப்பு. நடு மாசத்துல மைசூர் பருப்பு. கடைசி வாரம் பொட்டுக்கடலை. அதுக்கு அடுப்பே வேண்டாம்லா" என்றார்.

பொருளாதாரப் பேராசிரியர்கள் ஒரு புத்தகம் எழுதிச் சொல்வதை மூன்று பருப்பில் சொல்லிவிட்டார். 2015 அக்டோபரில் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயை எட்டியபோது என்ன நடந்தது என்று கேட்டேன். அப்போது முதல் வாரத்திலேயே மைசூர் பருப்புக்கு வந்துவிட்டார்களாம். லாத்தூரில் விளைச்சல் குறைந்தால் தாராவியில் சாம்பார் நீர்த்துப் போகிறது.

நீர்த்துப் போவதில் தவறில்லை. அதையே கலையாக்கியவர்கள் நாம். துவரம் பருப்பு வெந்ததும் மேலே தெளிந்து நிற்கும் நீரை இறுத்து ரசத்துக்கு வைத்துக்கொண்டு, அடியில் நிற்கும் பருப்பை சாம்பாருக்குப் போடுவது தமிழ்ச் சமையலறையின் பழைய கணக்கு. ஒரே அடுப்பு, ஒரே விறகு, இரண்டு பதார்த்தம். மாதுங்காவில் ராமா நாயக் 1942-ல் தொடங்கிய உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் மாதிரியான சாப்பாட்டுக் கடைகளில் வாழையிலையில் வந்து விழும் ரசத்துக்குக் கன்னடத்தில் சாரு என்று பெயர். மராத்தியில் சார். நமக்குச் சாறு. பருப்பு வெந்த நீரைக் கன்னடத்தில் கட்டு என்பார்கள், மராத்தியில் கட் என்பார்கள். ஹோலிப் பண்டிகைக்குப் பூரண் போளி செய்யும்போது கடலைப் பருப்பு வெந்த நீரை இறுத்து மராத்திக்காரர்கள் செய்யும் ஆம்டிக்குக் கட்டாச்சி ஆம்டி என்று பெயர். பூரணம் விருந்துக்கு, நீர் மறுநாளைக்கும் சேர்த்து. மதராஸில் இருந்த வெள்ளைக்காரர்கள் நம் மிளகுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்து, முல்லிகடானி என்று பெயரைச் சிதைத்து, அதில் இறைச்சியும் சேர்த்து சீமைக்குக் கொண்டுபோனார்கள். ஆக, சூப் என்றால் நமக்கு அந்நியம் இல்லை.

ஆனால் ரசம் இலையில் மூன்றாவதாக வருவது. அதற்கு முன்னால் பருப்பும் சாம்பாரும் கூட்டும் வந்துவிட்டன. அதனால் அது தெளிவாக இருக்கலாம். ரசம் மட்டுமே சாப்பாடு என்று ஆகும்போது, அதில் எத்தனை பருப்பு இருக்கிறது என்று பார்க்கத்தான் வேண்டும்.

இனி, வாக்களித்த குறிப்பு. மூன்று வகை தருகிறேன். உங்கள் வீட்டு அடுப்பைப் பொறுத்துத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, குக்கரே இல்லாத வீட்டுக்கு. நாலு பேருக்கு 150 கிராம் பாசிப்பருப்பு, அதாவது முக்கால் டம்ளர். இந்த அளவில்தான் ஆளுக்கு எட்டு, ஒன்பது கிராம் புரதம் வரும். வெறும் வாணலியில் வாசனை வரும்வரை வறுத்துக் கழுவுங்கள். ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் அதிகமாகத் தண்ணீர் கொதித்ததும் பருப்பு, மஞ்சள் தூள், பொங்கி வழியாமல் இருக்க நாலு சொட்டு எண்ணெய் சேருங்கள். ஒரு கொதி வந்ததும் தீயைத் தணித்து மூடிவிடுங்கள். கொதிக்கும் தண்ணீரின் சூடு பெரிய தீயிலும் சின்னத் தீயிலும் ஒன்றுதான். பெரிய தீ தண்ணீரை ஆவியாக்கும், பருப்பைச் சீக்கிரம் வேகவைக்காது. இருபது நிமிடத்தில் மத்தால் கடைந்து, அதன் பிறகு தக்காளி, உப்பு, தட்டிய இஞ்சி. புளிப்பை முதலில் போட்டால் பருப்பு முறைத்துக்கொள்ளும். மிளகு, சீரகம், பூண்டு, கறிவேப்பிலை தாளித்து இறக்கி, எலுமிச்சை பிழியுங்கள்.

கேஸ் இன்னும் மிச்சமாக வேண்டுமானால், பருப்பைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு அடுப்பை அணைத்து, பாத்திரத்தை இறுக மூடி, பழைய கம்பளியில் சுற்றி ஒரு மணி நேரம் வைத்துவிடுங்கள். தன் சூட்டிலேயே வெந்திருக்கும். கல்கத்தாவில் இந்துமாதவ் மல்லிக் 1910-ல் உருவாக்கிய இக்மிக் குக்கரும் கொஞ்சம் கரியை வைத்து மெல்ல வேகவைக்கும் இதே மாதிரி யோசனைதான். இது பாசிப்பருப்புக்கும் மைசூர் பருப்புக்கும் மட்டும். ராஜ்மாவுக்கு வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது, குக்கர் உள்ள வீட்டுக்கு. நாலைந்து வகைப் பயறு கலந்து 200 கிராம். கொண்டைக்கடலையும் கொள்ளும் இதில் வேண்டாம், அவை மற்றவற்றோடு சேர்ந்து வேகாது. காலையில் ஊறப்போட்டால் மாலையில் எடை இரண்டு மடங்காகியிருக்கும். ஊறிய நீரைக் கொட்டிவிடுங்கள். வயிற்று உப்பசத்துக்குக் காரணமான சர்க்கரைகளில் ஒரு பங்கு அதோடு போய்விடும், மீதிக்குப் பெருங்காயம் இருக்கிறது. புதுத் தண்ணீர் விட்டு நாலு விசில். குக்கருக்குள் சூடு 120 டிகிரி வரை போவதால்தான் இத்தனை வேகம். ஆவி தானாக அடங்கும்வரை திறக்காதீர்கள், அந்த நேரத்திலும் அது இலவசமாக வெந்துகொண்டிருக்கிறது. ஒரு கரண்டிப் பயறை மசித்துக் கலந்தால் சூப் கெட்டியாகும், சோள மாவு தேவையில்லை. மிளகு, சீரகம், தாளிப்பு எல்லாம் மேலே சொன்னபடி.

மூன்றாவது, வஹினியின் வழி. வறுத்து அரைத்த கொள்ளு மாவு நாலு பேருக்கு எட்டு மேஜைக்கரண்டி. பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, பூண்டும் மிளகாயும் தாளித்த கொதிநீரில் விட்டுக் கிளறுங்கள். கொக்கம் இல்லாவிட்டால் கொஞ்சம் புளி. எட்டு நிமிடம் நன்றாகக் கொதித்துப் பச்சை வாசனை போனால் தயார்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. வெள்ளம் வந்தால், வேலை போனால், நாம் யாருக்காவது அரிசி பருப்பு கொடுக்கக் கிளம்புகிறோம். 2005 ஜூலை 26-இல் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோதும் இந்த ஊர் மக்கள் முன்பின் தெரியாதவர்களுக்குச் சோறு போட்டார்கள். அந்த நல்ல குணத்துக்கு ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வாங்குகிறவர் வீட்டில் எது எரிகிறது, எவ்வளவு நேரம் எரியும்? முழுக்கடலைக்குப் பதில் உடைத்த பருப்பு, அல்லது மாவு. முடிந்தால் சிலிண்டர் நிரப்பப் பணம். ஒரு குக்கர் வளையம் சில நேரம் ஒரு மூட்டைப் பயறைவிடப் பெரிய தானம்.

2020 அக்டோபரில் அவள் மறுபடி வேலைக்கு வந்தாள். முதல் நாள் கையில் ஒரு பொட்டலம். பிரித்தால் வறுத்து அரைத்த காணப் பொடி, பூண்டும் மிளகாய் வற்றலும் சேர்த்தது. "உங்களுக்குத்தாங்க்கா. ரெண்டு வேளை சுடுதண்ணில கரைச்சுக் குடிங்க" என்றாள்.

அன்று மாலையே செய்தேன். எங்கள் இரண்டு பேருக்கு இரண்டு கரண்டி போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மேலும் இரண்டு கரண்டி அள்ளிப் போட்டாள்.

"இவ்வளவு தண்ணியா வைக்காதீங்கக்கா. வீட்ல இருக்குல்லா" என்றாள்.